காற்றில் நிற்கும் மோட்டார்ஹோமின் அடியில் படுக்கும் முன்

கேள்வி: பழைய டீசல் மோட்டார்ஹோம் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறேன். ஏர் சஸ்பென்ஷன் வண்டி. ராத்திரி நிறுத்தினால் காலையில் பின்பக்கம் இறங்கிக் கிடக்கிறது. பின் ஆக்சில் பக்கம் உஸ்ஸென்று சத்தமும் வருகிறது. லெவலிங் ஜாக்கிகளை இறக்கிவிட்டு அடியில் படுத்து, எங்கே கசிகிறது என்று பார்க்கலாமா? கிரீஸும் அடிக்க வேண்டியிருக்கிறது. கார் வேலைக்கு வாங்கிய ஸ்டாண்டு இரண்டு கையில் இருக்கிறது.

பதில்: லெவலிங் ஜாக்கியை நம்பி அடியில் போகவே போகாதீர்கள். நிறுத்திய இடத்தில் வண்டி ஆடாமல் மட்டமாக நிற்க மட்டுமே அதைப் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே தாங்குவது எண்ணெயின் அழுத்தம். ஒரு சீல் போனாலோ, ஒரு ஹோஸ் வெடித்தாலோ, வண்டிக்குள் இருப்பவர் தெரியாமல் பட்டனை அழுத்தினாலோ ஜாக்கி உள்ளே போய்விடும். கார் ஸ்டாண்டும் இங்கே உதவாது. பெரிய மோட்டார்ஹோமின் பின் ஆக்சிலில் மட்டுமே 8, 9 டன் இறங்குவது சாதாரணம்.

உங்கள் வண்டியில் சேசிஸுக்கும் (அடிச்சட்டம்) ஆக்சிலுக்கும் நடுவே இருப்பது ரப்பர் பெல்லோக்களும் அவற்றுக்குள் அடைத்த காற்றும்தான். காற்று போனால், ஆக்சிலில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் உட்காரும் வரை சேசிஸ் இறங்கும். அந்தச் சில அங்குலமே, மல்லாந்து கிடப்பவரின் மார்புக்கு மேலே இருக்கும் மொத்த இடமாகவும் இருக்கலாம். மெதுவாகக் கசிந்தால் வண்டி மெதுவாக இறங்கும். பெல்லோ கிழிந்தாலோ, குழாய் கழன்றாலோ நகர்ந்து வெளியே வர நேரமே கிடைக்காது. ஏற்கெனவே கசியும் வண்டி என்பதால் உங்களுக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

எனவே அடியில் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த நிமிடம் காற்று முழுவதும் போனால் வண்டி எங்கே வந்து நிற்கும்? ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆட்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொல்லி, சஸ்பென்ஷன் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். வெளியே நின்றபடியே, நீங்கள் படுக்கப்போகும் இடத்தில் தரைக்கும் வண்டியின் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் உள்ள உயரத்தை டேப்பால் எடுங்கள்.

கிரீஸ் வேலைக்கு இந்த இறக்கிய நிலையே நல்லது. இனி இறங்க வண்டிக்கு இடமில்லை என்பதுதான் காரணம். உயரம் போதாதா? சேசிஸைத் தூக்காதீர்கள், சக்கரங்களை உயர்த்துங்கள். வண்டியின் எடைக்கேற்ற, திடமான சாய்தளங்களின் மீது ஏற்றி நிறுத்திவிட்டு, அப்புறம் காற்றை இறக்குங்கள். பின்பக்க இரட்டைச் சக்கரங்களில் இரண்டு டயருமே முழு அகலத்துக்கும் சாய்தளத்தின் மேல் உட்கார வேண்டும். ஒரு டயர் மட்டும் ஏறி, மற்றது அந்தரத்தில் தொங்கினால் மொத்தச் சுமையும் அந்த ஒன்றின் மேல்தான் விழும். ஹாலோ பிளாக்கை மட்டும் எங்கேயும் முட்டுக் கொடுக்காதீர்கள். வரப்போவதைக் காட்டாமல் திடீரென்று நொறுங்கும்.

கசிவு தேடுவதில்தான் சிக்கல், ஏனென்றால் பெல்லோவில் காற்று இருந்தால்தான் கசிவு தெரியும். ஆகவே முதலில் வெளியிலிருந்தே முடிந்த வரை பாருங்கள். இரவு நிறுத்தும்போது நான்கு மூலைகளிலும் சக்கர வளைவின் உயரத்தைக் குறித்து வையுங்கள், காலையில் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்து பெல்லோ, அதற்குப் போகும் குழாய், அதன் வால்வு ஆகியவற்றில் தேடலாம். பின்பக்கம் இரண்டு மூலையும் சமமாக இறங்கினால், இரண்டுக்கும் பொதுவான வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த பிரஷை நீளமான குச்சியில் கட்டி, சக்கர வளைவு வழியாகவே பல இணைப்புகளைத் தொட்டுவிடலாம். டார்ச் அடித்தால் குமிழி தெரியும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லெவலிங் ஜாக்கியால் சேசிஸைத் தூக்கினால், வண்டி அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு உயரம் பார்க்கும் வால்வு பெல்லோவின் காற்றை வெளியே விடும். அந்த உஸ் சத்தம் கசிவல்ல, வால்வு தன் வேலையைச் செய்கிறது. இப்போது பெல்லோ காலி, ஜாக்கி மட்டும்தான் வண்டியைத் தாங்குகிறது. இது தெரியாமல் அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போவது, இருப்பதிலேயே மோசமான நேரத்தில் உள்ளே போவதாகும்.

உள்ளே போய்த்தான் ஆக வேண்டுமென்றால், காற்று நிரப்பி, சாலையில் ஓடும்போது இருக்கும் உயரத்தில் வண்டியை நிறுத்துங்கள். சேசிஸின் இரு பக்க நீள விட்டங்களுக்கும் கீழே கனரக ஸ்டாண்டுகளை வையுங்கள். தயாரிப்பாளர் குறிப்பேட்டில் காட்டியிருக்கும் இடங்களில் மட்டும் வையுங்கள். சாமான் பெட்டியின் தகட்டுக்கோ, தரைச் சட்டத்துக்கோ கீழே வேண்டாம். ஸ்டாண்டில் எழுதியிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பார்த்து வாங்குங்கள். விட்டத்துக்கும் ஸ்டாண்டின் தலைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும், ஏனென்றால் காற்று போனால் அவ்வளவுதான் வண்டி இறங்க முடியும். அடியில் கான்கிரீட் தரை வேண்டும். வெயிலில் இளகிய தார்த்தரையிலும் மண்ணிலும் ஸ்டாண்டின் கால் புதையும். தடித்த இரும்புத் தகடு போட்டு நிறுத்தினால்தான் அங்கே நிற்கும்.

ஸ்டாண்டு வைக்கும்போதே கை உள்ளே போகும் என்பதையும் மறக்க வேண்டாம். உடம்பு வெளியே இருக்கட்டும், நீளக் கம்பியால் தள்ளி இடத்தில் சேருங்கள்.

உயரம் பார்க்கும் வால்விலிருந்து ஆக்சிலுக்குப் போகும் மெல்லிய கம்பி ஒன்றைப் பார்ப்பீர்கள். நெம்புகோல் போன்ற கை ஒன்று வால்வில் இருக்கும். அதில் இந்தக் கம்பி மாட்டியிருக்கும். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் தோள் இடித்து அது ஒரு பக்கம் சாய்ந்தால் பெல்லோ காலியாகும், மறுபக்கம் சாய்ந்தால் நிரம்பும். சில வால்வுகள் சில வினாடிகள் கழித்தே வேலை செய்யும் என்பதால், ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று தோன்றி நிம்மதியாக இருப்பீர்கள், அப்புறம்தான் இறங்க ஆரம்பிக்கும். காற்று இருக்கும்போது அந்தக் கம்பியைக் கழற்றவோ, எந்தக் குழாய் இணைப்பைத் தளர்த்தவோ வேண்டாம். கசிவு எங்கே என்று சாக்பீஸால் குறித்துவிட்டு வெளியே வாருங்கள். சரிசெய்வது காற்றை இறக்கிய பிறகு. ஏர் டேங்கில் பெரும்பாலும் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் இருக்கும். அந்தக் காற்று கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

வண்டி உருளாமல் இருப்பது தனி விஷயம். ஏர் பிரேக் வண்டியில் பார்க்கிங் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். அவை தரையை விட்டு எழும்பினால் பிடிக்க எதுவுமில்லை. ஹைட்ராலிக் பிரேக் வைத்த சில மோட்டார்ஹோம்களில் பார்க்கிங் பிரேக் கியர் பெட்டிக்குப் பின்னால், ஷாஃப்ட்டில் இருக்கும். அங்கே ஒரு பின் சக்கரத்தை உயர்த்தினாலே டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அது சுழன்று வண்டி நகர்ந்துவிடும். அதனால் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை போடுங்கள்.

இன்ஜின் சாவியை உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தானாக மட்டம் சரிசெய்யும் கணினி இருந்தால் அணைத்து விடுங்கள், அது நினைத்த நேரத்தில் ஒரு மூலையின் காற்றை விடும். பேட்டரி இறங்கினால் தானே ஓட ஆரம்பிக்கும் ஜெனரேட்டரையும் அணைத்து விடுங்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வண்டியின் அடியில் தேங்கும். கதவைத் திறந்தால் நீளும் மின்படிக்கட்டின் சுவிட்சையும் அணைத்து வையுங்கள். துணைக்கு ஒருவர் வெளியே இருக்கட்டும், ஆனால் வண்டிக்குள் வேண்டாம்.

முடித்து வரும்போது, ஆளும் கருவியும் வெளியே வந்த பிறகே இன்ஜினைப் போட்டுக் காற்று ஏற்றுங்கள். வண்டி முழு உயரத்துக்கு வந்து, எல்லா ஸ்டாண்டின் தலையிலும் பழைய இடைவெளி தெரிந்தபின் அதே நீளக் கம்பியால் அவற்றை இழுத்தெடுங்கள். ஏதாவது ஒரு ஸ்டாண்டின் மேல் சேசிஸ் இன்னும் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கத்தில் காற்று சரியாக ஏறவில்லை, கசிவு தீராமல் இருக்கலாம். அதை அசைக்காமல் காற்று மீட்டரைப் பாருங்கள்.