பி.இ. சிவில் முடித்தவர், குடிநீர்–கழிப்பறைத் திட்ட வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கணுமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி, சிவிலே போதும். மதுரைத் தொண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் அழைப்பு வரலைன்னா, பெரும்பாலும் காரணம் இதுதான்: பயோடேட்டாவில் ஆட்டோகேட் (வரைபட மென்பொருள்) தெரிகிறது, ஊருக்குள் இறங்கிப் பேசுவீங்களான்னு தெரியலை. பிறகு படிக்க ஆசை வந்தால் மதுரையிலேயே தானம் அறக்கட்டளையின் (DHAN) அகாடமி, பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கு.

ஒன்று செய்து பாருங்க. உங்க ஊராட்சியில் அரசுத் திட்டத்தில் கட்டிய இரட்டைக் குழிக் கழிப்பறை சிலதைப் போய்ப் பாருங்க. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுவிட்டு, குழாய் இரண்டாகப் பிரியும் சின்னத் தொட்டியின் மூடியை மட்டும் திறங்க. ஒரு குழி நிரம்பியதும் மற்றதுக்கு மாற்றி, நிரம்பியதை மட்க விடுவதுதான் முறை; அதனால் எப்போதும் ஒரு குழிக்குப் போகும் வழி அடைத்திருக்கணும். இரண்டும் திறந்திருந்தால் இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பும். மட்காத மலத்தை அள்ள யாரையாவது ஏழையை இறக்குவாங்க. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அது குற்றம். கொத்தனார் அடைக்காமல் விட்டதா, வீட்டுக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தரலையான்னு விசாரித்து, படத்தோடு இரண்டு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு இணைங்க. இந்த வேலையே அதுதான்.

குழி மூடியைத் தொடாதீங்க, விஷவாயு இருக்கும்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, பெரும்பாலும் திட்டக்கால ஒப்பந்தம்தான். வீட்டில் கடன் இருந்தால் டிஎன்பிஎஸ்சி பொறியியல் தேர்வுக்கும் சேர்த்தே படிங்க.