மகனுக்கு இரண்டு கோச் வேலை: எந்த வட்டாரத்துக்கு அனுப்புவார்கள் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் ஷுகர் லேண்டில் இருக்கிறோம். என் மகனுக்கு 28 வயது. டெக்ஸஸில் ஒரு சின்னக் கல்லூரியில் அமெரிக்க ஃபுட்பால் அசிஸ்டென்ட் கோச். டிஃபென்சிவ் பேக் பையன்களுக்கு, அதாவது எதிரணியின் பாஸைத் தடுக்கும் பின்வரிசைக்காரர்களுக்கு, பயிற்சி கொடுக்கிறான். இப்போது இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று டெக்ஸஸிலேயே நடுத்தரக் கல்லூரி. இன்னொன்று வடக்கே, பெரிய லீகில் ஆடும் கல்லூரி. சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏஜென்ட், 'யோசிக்காமல் வடக்கே போ' என்கிறார். பழைய கோச்கள், 'ஹூஸ்டனை விட்டால் உனக்குப் பிழைப்பு இல்லை' என்கிறார்கள். எனக்கு இந்த விளையாட்டே புரியாது. ஊர் அவ்வளவு முக்கியமா?

பதில்: முக்கியம்தான் அம்மா. ஆனால் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆட்டக்காரர்களைச் சேர்க்க உங்கள் மகனை எந்த வட்டாரத்துக்கு அனுப்புவார்கள்? அதைக் கேளுங்கள். வடக்குக் கல்லூரி 'ஹூஸ்டன் உன் பொறுப்பு' என்று சொன்னால் தாராளமாகப் போகட்டும். ஒஹாயோவையும் மிச்சிகனையும் கொடுத்தால், இரண்டு மடங்கு சம்பளம் என்றாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏன் என்று சொல்கிறேன். இருபது வருடம் கல்லூரிகளின் ரெக்ரூட்டிங் ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். ஒரு மே மாதக் காலை, ஹூஸ்டன் புறநகர் ஹைஸ்கூல் ஒன்றின் ஃபீல்ட் ஹவுஸ், அதாவது விளையாட்டுக் கட்டடம். மணி ஆறரைதான் இருக்கும். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆறு கல்லூரி கோச்கள், ஆளுக்கொரு நிற டி-ஷர்ட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஹைஸ்கூல் கோச் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசி, ஒரே பட்டியலைக் கொடுத்து அனுப்பினார். எங்கள் இளம் கோச்சின் முறை வந்தது. பக்கத்து ஸ்கூலில் படித்து வளர்ந்த பையன் அவன். ஹைஸ்கூல் கோச் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "லிஸ்ட்டில் இல்லாத ஒருத்தன் இருக்கிறான். ரிலேயில் கடைசி ஆளாக ஓடுவான், நாளைக்கு வந்து பார். அவன் அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட், மூன்று மணிக்கு மேல் போன் பண்ணு." அந்தப் பையனைத்தான் நாங்கள் சேர்த்தோம். உங்கள் மகனுக்கும் ஹூஸ்டனில் இப்படிச் சில கதவுகள் இருக்கும். வடக்குக் கல்லூரி இரண்டு மடங்கு கொடுக்க வருவதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அது மிச்சிகனில் செல்லாது.

மேட் ரூல் 2016 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து டெக்ஸஸின் பேலர் கல்லூரிக்கு ஹெட் கோச்சாக வந்தபோது அவருக்கு அங்கே யாரையும் தெரியாது. சீடர் ஹில் ஹைஸ்கூலுக்கு மூன்று முறை மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்த ஜோயி மெக்வயரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். 2017-இல் ஒரே ஒரு வெற்றி, 11 தோல்வி. 2019-இல் 11 வெற்றி. மெக்வயரை 2021-இல் டெக்ஸஸ் டெக் ஹெட் கோச்சாகவே எடுத்துக்கொண்டது. டெக்ஸஸில் ஹைஸ்கூல் கோச்சுக்கு இருக்கும் மதிப்பு அப்படி.

நெப்ராஸ்கா கல்லூரி இதற்கு நேர் எதிர். மாநிலத்தின் மொத்த ஜனத்தொகையே சுமார் 20 லட்சம். உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து டீம் கட்ட முடியாது. பிக் 12 லீகில் இருந்தவரை டெக்ஸஸ் அணிகளோடு ஆட அடிக்கடி அங்கே போனார்கள். மகனை அவ்வளவு தூரம் அனுப்பினாலும் பக்கத்திலேயே ஒரு மேட்ச் பார்க்கலாம் என்று டெக்ஸஸ் பெற்றோரிடம் சொல்ல முடிந்தது. 2011-இல் பிக் டென் என்ற வடக்கு லீகுக்கு மாறியதும் அந்தப் பேச்சு போயிற்று. 2017 முதல் 2023 வரை ஏழு சீசன் ஒரு பௌல் ஆட்டம்கூட இல்லை; சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் கௌரவ ஆட்டம் அது. லீக் மாறியது ஒன்றே காரணம் இல்லை. அதுவும் பெரிய காரணம். அதனால் வடக்குக் கல்லூரிக்கு டெக்ஸஸ் பக்கம் எத்தனை மேட்ச் இருக்கிறது என்று அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'அயோவா மாதிரி சின்ன மாநிலத்துக் கல்லூரிக்கு முடிகிறதே?' என்று உங்கள் மகன் கேட்பான். கேட்க வேண்டும். அவன் வேலைக்கு மிக நெருக்கமான உதாரணம் அதுதான். 32 லட்சம் பேர் உள்ள மாநிலம், சுற்றிலும் சோளக் காடு. ஆயிரம் பேர் அளவில் வசிக்கும் ஓடபோல்ட் என்ற ஊரிலிருந்து கூப்பர் டிஜீன் வந்தார். ஹைஸ்கூலில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக், அயோவாவில் டிஃபென்சிவ் பேக் ஆனார், 2025-இல் தொழில்முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் அணிக்காகப் பந்தைப் பறித்து டச்டவுன் போட்டார். ஆனால் அவரை வளர்த்த இடத்தைப் பாருங்கள். ஹெட் கோச் கர்க் ஃபெரன்ட்ஸும், டிஃபென்சைப் பார்க்கும் ஃபில் பார்க்கரும் அங்கே போனது 1999-இல். கால் நூற்றாண்டாக அதே ஆட்கள், அதே பயிற்சி. குக்கிராமத்து ஹைஸ்கூலில் யார் வேகமாக ஓடுகிறான் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களும் தெரிந்த மண்ணில்தான் ஆள் பிடிக்கிறார்கள். உங்கள் மகனை அழைத்திருக்கும் ஹெட் கோச் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்? இரண்டு, மூன்று என்றால் அயோவா கதையை மறந்துவிடட்டும்.

இப்போது அந்த ஏஜென்ட். சம்பளத்தில் அவருக்குச் சதவீதம் உண்டு. சம்பளம் இரட்டித்தால் அவர் பங்கும் இரட்டிக்கும். அதைவிட மோசமான ஒன்றை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்: வேலை கொடுக்கும் ஹெட் கோச்சுக்கும் அதே ஆள்தான் ஏஜென்ட். இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவர் உங்கள் பையனுக்காக எப்படிப் பேரம் பேசுவார்? 'அந்த ஹெட் கோச்சும் உங்கள் கட்சிக்காரரா?' என்று நேராகக் கேளுங்கள். அடுத்து, வேலைக்குச் சேர்ந்தவுடன், 'என் கையில் பத்துப் பையன்கள் இருக்கிறார்கள், மொத்தமாகக் கொண்டுவருகிறேன்' என்று செவன்-ஆன்-செவன் கிளப் (பள்ளிக்கு வெளியே ஏழு பேர் அணிகளாக ஆடும் கிளப்) நடத்துகிறவர்கள் வருவார்கள். காப்பிகூட வாங்கிக் குடிக்க வேண்டாம். அவர்கள் வழியே போனால் ஹைஸ்கூல் கோச் மறுபடி கதவைத் திறக்க மாட்டார்.

'இப்போது எல்லாம் பணம்தான், ஊர் எல்லாம் பழைய கதை' என்றும் சொல்வார்கள். 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரால் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரியே தன் வருமானத்தில் பங்கு கொடுக்கலாம்; முதல் ஆண்டுக்கு வரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். உண்மைதான். ஆனால் எதிராளியும் அதே பணத்தைக் காட்டும்போது, பையனின் அம்மா தெரிந்த முகத்தைத்தான் நம்புகிறாள். கல்லூரி மாற விரும்பி டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பட்டியலில் பெயர் போடும் பையன்களில் எத்தனையோ பேர் வீட்டுப் பக்கம் திரும்பத்தான் பார்க்கிறார்கள்; அவர்கள் முதலில் கூப்பிடுவது தங்கள் பழைய ஹைஸ்கூல் கோச்சை.

எனக்குப் பொறுக்காதது இந்தக் காலண்டர். கோச்கள் வேலை மாறுவது நவம்பர், டிசம்பரில். ஹைஸ்கூல் பையன்கள் கல்லூரியில் சேரக் கையெழுத்துப் போடுவதும் டிசம்பரில். குடும்பத்தோடு உட்கார்ந்து பேச ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடைக்காமல், 'நாளைக்குள் சொல்' என்று ஒரு இளம் கோச்சை நெருக்குகிறார்கள். வருடா வருடம் இதே கூத்து. விதி எழுதுகிறவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை ஒரு வக்கீல் படிக்கட்டும். நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும். ஹெட் கோச்சை வெளியேற்றினால் இவனுக்கு எத்தனை மாதச் சம்பளம். வேறு வேலை கிடைத்தால் அதில் எவ்வளவு கழிப்பார்கள். டெக்ஸஸில் மாநில வருமான வரி இல்லை என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஹூஸ்டன் வட்டாரம் இவனுக்குத்தான் என்று ஹெட் கோச்சிடமிருந்து ஒரு மின்னஞ்சலாவது வாங்கட்டும். அது கையில் வரும்வரை, ஏஜென்ட் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட வேண்டாம்.