அம்மா தேநீரில் போடும் இனிப்பு மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய் இருக்கிறது. தேநீரில் சர்க்கரைக்குப் பதில் இனிப்பு மாத்திரை போட்டுக்கொள்கிறார். அதிலுள்ள அஸ்பார்டேம் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாக உறவினர் ஒருவர் சொன்னார். அப்படியென்றால் அரசுகள் ஏன் இன்னும் தடை செய்யவில்லை? அம்மாவை உடனே நிறுத்தச் சொல்லலாமா?

நான் மருத்துவர் இல்லை. உணவுப் பொருள்களின் லேபிளில் வரும் வாசகங்களைச் சரிபார்ப்பது ஒன்பது வருடமாக என் வேலை. அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை நோய். அந்த இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன். மாத்திரையைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன, கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தப் புற்றுநோய்ச் செய்தி. 2023 ஜூலையில் ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அஸ்பார்டேமை 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. உணவில் சேர்க்கும் பொருள்களை ஆராயும் இன்னொரு நிபுணர் குழு, ஏற்கெனவே இருந்த தினசரி வரம்பை மாற்றக் காரணம் இல்லை என்றது. உங்கள் உறவினர் காதுக்கு முதல் பாதி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டு குழுவும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசவில்லை. கிணறு ஆழமா என்று ஒருவர் பார்க்கிறார். நாம் நடக்கும் வழியில் அந்தக் கிணறு இருக்கிறதா என்று மற்றவர் பார்க்கிறார். புற்றுநோய் முகமை பார்ப்பது முதல் கேள்வியை மட்டும். எந்த அளவில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவது அதன் வேலை இல்லை. கல்லீரல் புற்றுநோயோடு தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டியதை 'குறைந்த அளவு ஆதாரம்' என்று அந்த முகமையே குறித்திருக்கிறது. அதே 2பி பட்டியலில் கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது.

இனி அளவு. அந்த நிபுணர் குழுவின் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். உங்கள் அம்மா 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2,400 மில்லிகிராம் ஆகிறது. பெரும்பாலான மாத்திரைகளில் சுமார் 20 மில்லிகிராம் அஸ்பார்டேம்தான் இருக்கும். வரம்பைத் தொட 120 மாத்திரை வேண்டும், அதுவும் தினமும். டப்பாவின் பின்புறத்தைப் பார்த்து இந்தக் கணக்கை அம்மாவின் எடைக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். பயம் பாதி அங்கேயே போய்விடும்.

இந்த 40 எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரிவதில்லை. எலிகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 4,000 மில்லிகிராம் வரை தினமும் கொடுத்தும் பாதிப்பு தெரியவில்லை. அதை நூறால் வகுத்தார்கள். எலியும் மனிதனும் ஒன்றில்லை என்பதற்காகப் பத்து, மனிதருக்கு மனிதர் உடல் வேறுபடும் என்பதற்காக இன்னொரு பத்து. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அஸ்பார்டேமுக்கு 50 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பா 40-இல் நிற்கிறது. சுக்ரலோஸ் என்ற இன்னொரு செயற்கை இனிப்பில் இது தலைகீழ். அமெரிக்காவில் 5, ஐரோப்பாவில் 15. இதைப் பார்த்து 'யாருக்கும் ஒன்றும் தெரியாது போல' என்று நினைக்க வேண்டாம். எந்த ஆய்வை அடிப்படையாக எடுத்தார்கள், எந்தப் பாதிப்பைக் கணக்கில் கொண்டார்கள் என்பதில் வரும் வித்தியாசம் அது.

தடை ஏன் இல்லை என்று கேட்டீர்களே, தடை வந்த கதைகளும் உண்டு. சாக்கரின் என்ற பழைய செயற்கை இனிப்பைச் சொல்கிறேன். 1879-இல் கான்ஸ்டன்டைன் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர், ஆய்வகத்திலிருந்து வந்து சரியாகக் கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தபோது கையில் இனிப்பு ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார். அப்படி வந்த பொருள் சுமார் நூறு வருடம் புழக்கத்தில் இருந்தது. பிறகு, உணவில் 5 சதவீதம் சாக்கரின் கலந்து கொடுத்த எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. 1958-இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டப்பிரிவின்படி, விலங்குக்கோ மனிதனுக்கோ புற்றுநோயைக் கொண்டுவரும் எதையும் உணவில் சேர்க்கக் கூடாது. எவ்வளவு என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அதனால் 1977-இல் தடை செய்யப்போவதாக அறிவித்தார்கள். அப்போது அமெரிக்கச் சந்தையில் கிடைத்த ஒரே செயற்கை இனிப்பு அதுதான். சைக்ளமேட் என்ற இன்னொரு செயற்கை இனிப்புக்கு 1969-இலேயே தடை வந்துவிட்டது. அஸ்பார்டேம் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. சர்க்கரை நோயாளிகள் கொதித்துப்போனார்கள். கடைசியில் நாடாளுமன்றம் தடையைத் தள்ளிவைத்து, எச்சரிக்கை வாசகம் போட்டால் போதும் என்றது.

அப்புறம் அந்தக் கட்டிக்கான காரணம் தெரிய வந்தது. எலியின், குறிப்பாக ஆண் எலியின், சிறுநீரில் புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் அதிகம். அவ்வளவு சாக்கரின் உள்ளே போகும்போது நுண்ணிய படிகங்கள் உருவாகி, பையின் உட்சுவரை உரசி உரசிப் புண்ணாக்கி, கடைசியில் கட்டியாகிறது. மனிதச் சிறுநீரில் அப்படி நடப்பதில்லை. 2000-இல் சாக்கரினை அமெரிக்க அரசின் புற்றுநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், எச்சரிக்கை வாசகமும் போனது. சைக்ளமேட் மட்டும் அமெரிக்காவில் இன்றும் தடையில்தான் இருக்கிறது, ஐரோப்பாவில் அனுமதியோடு விற்கிறது. ஒரு நாட்டில் தடை என்று கேள்விப்பட்டால், எந்த வருடத்து ஆய்வு, எந்தச் சட்டம் என்று பார்க்க நான் பழகியது இந்தக் கதையால்தான்.

அப்படியானால் எல்லாம் சரியா? இல்லை. 'பாதுகாப்பானது' என்று சொல்வது வேறு, 'பலன் தரும்' என்று சொல்வது வேறு. வரம்பு வகுப்பவர்கள் முதலாவதற்குத்தான் பொறுப்பு. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் எடை குறைவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-இல் வந்தது. செயற்கை இனிப்பை அதிகம் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் சுமார் 13 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. இதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் எடை கூடியவர்களும் சர்க்கரை எல்லையில் நிற்பவர்களும்தானே இந்த இனிப்புக்கு மாறுகிறார்கள்? நோயின் விதை முன்பே இருந்ததா, இனிப்பு விதைத்ததா என்று இப்படிப்பட்ட ஆய்வால் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதே வருடம் இஸ்ரேலில் 120 பேரை வைத்துச் செய்த சோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இரண்டே வாரம், வரம்புக்கு உட்பட்ட அளவு. சாக்கரினும் சுக்ரலோஸும் எடுத்தவர்களுக்குக் குளுக்கோஸைக் கையாளும் திறன் மாறியது. குடலிலுள்ள நுண்ணுயிர்களும் மாறியிருந்தன. எல்லாருக்கும் ஒரே மாதிரி மாறவில்லை. 'உள்ளே போய் ஒன்றும் செய்யாமல் வெளியே வந்துவிடும்' என்று இனிமேல் யாரும் சொல்லக் கூடாது. அதனால்தான் தேநீருக்கு ஒரு மாத்திரை என்றால் ஒன்றோடு நிற்கட்டும் என்கிறேன்.

எங்கள் வீட்டில் அடி விழுந்தது மாத்திரையால் இல்லை, பிஸ்கெட்டால். 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று பெரிய எழுத்தில் போட்ட பொட்டலம். அப்பா நிம்மதியாக ஆறேழு எடுத்துச் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை மீட்டரில் 240. பொட்டலத்தைத் திருப்பினேன். முதலில் கோதுமை மாவு, அடுத்து மால்டிடால் என்ற இனிப்பூட்டி, அடுத்து மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி. மாவு மாவுதான். மால்டிடால் சர்க்கரையில் பாதிக்கும் மேல் கலோரி தரும். ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். மால்டோடெக்ஸ்ட்ரின் ஏறக்குறைய குளுக்கோஸ் போலவே ஏற்றும். முன்பக்க வாசகத்தில் பொய் ஒன்றும் இல்லை, சர்க்கரை சேர்க்கவில்லைதான். இந்த வேலையில் இருந்துகொண்டு என் அப்பாவையே நான் எச்சரிக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. முன்பக்கத்தை விடுங்கள், பின்னால் 'மொத்த கார்போஹைட்ரேட்' என்ற ஒரு வரியைப் பார்க்க அம்மாவுக்குப் பழக்கிவிடுங்கள்.

சில்லறை விஷயங்கள்: அஸ்பார்டேம் கொதிக்கும் சூட்டில் சிதைந்து இனிப்பு போய்விடும், அதனால் இறக்கிய பிறகு போடச் சொல்லுங்கள். பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா என்ற குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. அதிலுள்ள ஃபீனைல்அலனைன் என்ற பொருளை அவர்கள் உடலால் சரியாகச் சிதைக்க முடியாது. லேபிளில் 'ஃபீனைல்அலனைன் உள்ளது' என்று எழுத வைப்பது அவர்களுக்காக. வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த எதையும் எட்டாத உயரத்தில் வையுங்கள், நாய்க்கு அது விஷம்.

ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள். அம்மா இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுக்கிறாரா என்று கேளுங்கள். ஒரு நாள் விடியற்காலையில் அப்பாவுக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. மீட்டரில் 52, சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டது. பதற்றத்தில் அவசரமாக ஒரு தேநீர் போட்டு, வழக்கம்போல் இரண்டு இனிப்பு மாத்திரையைக் கலந்து கொடுத்துவிட்டேன். நாக்குக்கு இனித்தது, ரத்தத்துக்கு ஒன்றும் போகவில்லை. பத்து நிமிடம் வீணாய்ப் போனது. என் அம்மாதான் ஓடி வந்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அன்றிலிருந்து அப்பாவின் கட்டில் பக்கத்தில் குளுக்கோஸ் டப்பா ஒன்று தனியாக இருக்கிறது. அதன் மேல் சிவப்பு மையில் 'தாழ்ந்தால் இது' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இனிப்பு மாத்திரை அந்த அறைக்குள்ளேயே போவதில்லை.