பழைய டி.வி.க்கு மாற்று டிரான்சிஸ்டர்: உருவத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: எண்பதுகளில் அப்பா வாங்கிய 20 அங்குலக் கறுப்பு வெள்ளை டி.வி.யைச் சரிசெய்து கொண்டிருக்கிறேன். லைன் அவுட்புட்டில் (படத்தின் கிடைக்கோடுகளை வரையவைக்கும் பகுதி) இருந்த பி.யு.205 டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டது. ஐ.எஃப். பகுதியில் (டியூனரிலிருந்து வரும் சிக்னலைப் பெருக்கும் இடம்) ஒரு பி.எஃப்.196 டிரான்சிஸ்டரின் கால் ஒடிந்துவிட்டது. இரண்டுமே கடையில் இல்லை. 2என்3055 அதே உலோகத் தொப்பி உருவத்தில் கிடைக்கிறது, போடலாமா? பி.எஃப்.196-க்குப் பதில் பி.சி.548 சரிப்படுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலாவது போட்ட நொடியில் போய்விடும். இரண்டாவது போகாது, ஆனால் படத்தைக் கெடுக்கும்.

2என்3055 நல்ல டிரான்சிஸ்டர்தான். 15 ஆம்பியர் தாங்கும். ஆனால் அதன் மூன்று முனைகளில் (பேஸ், கலெக்டர், எமிட்டர்) கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே அது தாங்குவது 60 வோல்ட். உங்கள் டி.வி.யின் லைன் அவுட்புட் நொடிக்கு 15,625 முறை ஆன், ஆஃப் ஆகிறது. ஒவ்வொரு முறை ஆஃப் ஆகும்போதும் கலெக்டரில் சப்ளையைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு வோல்டேஜ் எகிறும். சப்ளை 110 வோல்ட் என்றால் 900-ஐத் தொடும். அதனால்தான் பி.யு.205-ஐ 1500 வோல்ட்டுக்குச் செய்தார்கள். அது தாங்கும் கரன்ட் 2.5 ஆம்பியர் மட்டுமே. மாற்று தேடும்போது முதலில் வோல்டேஜ், அடுத்து வேகம், பிறகு கரன்ட். உருவம் கடைசி.

கேட்க வேண்டியது பி.யு.208ஏ. அதே 1500 வோல்ட், கரன்ட் கூடுதல், உறையும் அதேதான். அதுவும் கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் உறையில் வரும் பி.யு.508ஏ. இது பழைய துளைகளில் உட்காராது. ஹீட் சிங்க்கில் தனித்துளை போட்டு, மூன்று கால்களுக்கும் குட்டையான ஒயர் இழுக்க வேண்டும். எதைப் போட்டாலும் மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தகடும் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டும் கட்டாயம். தொப்பி உருவ டிரான்சிஸ்டரில் உறையே கலெக்டர். அந்தத் தொள்ளாயிரம் வோல்ட் அதன் உடம்பிலேயே நிற்கிறது, ஓடும்போது விரல் வைத்துச் சூடு பார்க்காதீர்கள். பல பழைய செட்களில் சேஸிஸே (உலோகச் சட்டம்) நேரடியாக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும் என்பதால், செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எண்ணின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். பி.யு.208டி, பி.யு.508டி ஆகியவற்றில் டாம்பர் டயோடு (கலெக்டர் வோல்டேஜ் எதிர்ப்பக்கம் போகாமல் தடுக்கும் டயோடு) உள்ளேயே இருக்கும். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சின்ன ரெசிஸ்டன்ஸும் உண்டு. மீட்டர் வைத்தால் சில பத்து ஓம் காட்டும். ஷார்ட் என்று நினைத்து நல்லதையே குப்பையில் போட்டவர்கள் பலர். 'டி' இருந்த இடத்தில் 'ஏ' போட்டால், வெளியே தனி டாம்பர் டயோடு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

புதிதாக விற்பதில் போலி நிறைய. உள்ளே குறைந்த வோல்டேஜ் சில்லு, மேலே பி.யு.208ஏ என்று அச்சு. என் விருப்பம், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கலர் டி.வி. போர்டிலிருந்து கழற்றிய ஒரிஜினல். சந்தேகம் வந்தால் பேஸையும் எமிட்டரையும் சேர்த்துக் கட்டி, கலெக்டரில் பாசிட்டிவ் வைத்து, 1000 வோல்ட் மெக்கரால் (அதிக வோல்டேஜில் இன்சுலேஷனை அளக்கும் கருவி) பாருங்கள். நல்லது பல மெகாஓம் காட்டும். போலியில் முள் சரிந்துவிடும்.

இதைவிட முக்கியமானது, பழையது ஏன் செத்தது என்பது. கலெக்டரிலிருந்து கிரவுண்டுக்குப் போகும், எகிறும் வோல்டேஜின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் ரிட்ரேஸ் கன்டென்சரைக் கழற்றி அளவு பாருங்கள். அதன் மதிப்பு குறைந்திருந்தால் எகிறும் வோல்டேஜ் இன்னும் ஏறும், 1500-ஐயும் தாண்டும். அதே மதிப்பில், 1600 வோல்ட் பாலிப்ராப்பிலீன் போடுங்கள். டாம்பர் டயோடு, எல்.ஓ.டி. (லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்), டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் உலர்ந்த சோல்டர் எல்லாவற்றையும் பார்த்த பிறகே புது டிரான்சிஸ்டர். முதல் முறை ஆன் செய்யும்போது மெயின்ஸில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஐந்து நிமிடம் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கி, சப்ளை கன்டென்சர் காலியானதை மீட்டரில் பார்த்துவிட்டுச் சூடு பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேஸுக்கு வரும் டிரைவ் சரியில்லை.

இனி பி.எஃப்.196. பி.சி.548 ஆடியோவுக்குச் செய்தது. ஐ.எஃப். ஓடுவது 38.9 மெகாஹெர்ட்ஸில். அங்கே கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸ் மிகச் சிறிதாக இருக்க வேண்டும். பி.சி.548-இல் அது அதிகம், அதனால் கெயின் குறைந்து படம் மங்கும், சில நேரம் ஆசிலேஷனும் வரும். அதோடு பி.எஃப்.196 ஏ.ஜி.சி.க்காகவே (சிக்னலின் பலத்துக்கு ஏற்பக் கெயினைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) வடிவமைக்கப்பட்டது: கரன்ட் கூடக்கூட அதன் கெயின் குறையும். சாதாரண டிரான்சிஸ்டரில் அது அப்படி நடக்காததால், பலமான சிக்னலில் படம் கறுத்து இழுபடும். இதற்கான மாற்று பி.எஃப்.198. அடுத்த கட்டத்தில் பி.எஃப்.197 இருந்து, அதுவும் போனால் பி.எஃப்.199 போடலாம்.

கால் வரிசையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பி.சி.548-இல் நடுக்கால் பேஸ், இந்த பி.எஃப். வகைகள் பலவற்றில் நடுக்கால் எமிட்டர். மீட்டரை டயோடில் வையுங்கள். மற்ற இரண்டு கால்களுக்கும் அளவு காட்டும் கால் பேஸ். அந்த இரண்டில் சற்றே அதிக மில்லிவோல்ட் காட்டுவது எமிட்டர். கால்களைக் குட்டையாக வெட்டிப் பற்ற வையுங்கள். பக்கத்து ஐ.எஃப். காயில்களுக்குள் இருக்கும் கோர்களை (திருகாணி போன்ற துண்டுகள்) மட்டும் திருகாதீர்கள். ஒருமுறை இடம் மாறினால் ஸ்வீப் ஜெனரேட்டர் (ஐ.எஃப். காயில்களைச் சரிசெய்ய உதவும் சிக்னல் கருவி) இல்லாமல் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகவும் கடினம்.