எந்த மாநிலம் என்று முதலில் சொல்லுங்கள்: அமெரிக்கப் பள்ளி உளவியலாளர் உரிமம் குறித்து வாசகர் கேள்விகள்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் உளவியலாளராகப் பணிபுரிய என்ன தகுதி வேண்டும் என்று கேட்டு இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாநிலத்தின் பெயரே இல்லை. இந்த உரிமத்தைத் தருவது மத்திய அரசு அல்ல, ஒவ்வொரு மாநிலமும்தான். இதை எத்தனை முறை எழுதியும் அதே கேள்வி வருகிறது.

சென்னையில் எம்.எஸ்சி. உளவியல் முடித்தேன். இங்கே அரசுப் பள்ளியில் சேர என்ன தேர்வு எழுத வேண்டும்? (வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

தேர்வைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். அது கடைசிப் படி. முதலில் படிப்பு. பள்ளி உளவியலில் ‘ஸ்பெஷலிஸ்ட்’ நிலை என்பது பட்டப்படிப்புக்கு மேல் சுமார் 60 கிரெடிட். அதோடு 1200 மணி நேர இன்டர்ன்ஷிப். அதில் குறைந்தது 600 மணி பள்ளியில் இருக்க வேண்டும் என்பது தேசியச் சான்றிதழான என்சிஎஸ்பியின் விதி. பெரும்பாலான மாநிலங்களும் இதை ஒட்டியே கேட்கின்றன. உங்கள் எம்.எஸ்சி. மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்குங்கள். அதிலிருந்து பல்கலைக்கழகம் ஏற்கும் கிரெடிட்டுகள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். மூன்றாண்டு பி.எஸ்சி.யை நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக எடுக்காத பல்கலைக்கழகங்களும் உண்டு. மொத்தத்தில் மூன்று ஆண்டு என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

நியூ ஜெர்சியில் சான்றிதழ் தருவது மாநிலக் கல்வித் துறை. அங்கே ‘சைல்ட் ஸ்டடி டீம்’ என்ற குழுவில், கற்றல் குறைபாட்டு ஆசிரியர் ஆலோசகரோடும் சமூகப் பணியாளரோடும் சேர்ந்து வேலை செய்வீர்கள்.

எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி, ஆர்சிஐ பதிவு, எட்டு வருட மருத்துவமனை அனுபவம் எல்லாம் இருக்கிறது. இன்டர்ன்ஷிப்பிலிருந்து விலக்கு கிடைக்குமா? (வாசகர், சார்லட், வட கரோலினா)

கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்சிஐயின் பதிவு இந்தியாவுக்குள் செல்லும். இருபது வருடம் சென்னையில் கார் ஓட்டியவரும் இங்கே வந்தால் ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி வாசலில் நிற்கத்தான் வேண்டும். இன்டர்ன்ஷிப் பள்ளிக்குள், உரிமம் பெற்ற பள்ளி உளவியலாளரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். உங்கள் அனுபவம் வேலைக்கான நேர்காணலில் மிகவும் உதவும். அதை விண்ணப்பத்தில் விரிவாக எழுதுங்கள்.

எத்தனை மணி நேரப் பயிற்சி தேவை? உடனே பதில் தரவும். (பெயர், ஊர் இல்லை)

எந்த மாநிலத்தில்?

கலிஃபோர்னியாவில் இருக்கும் தோழி கல்வித் தரப்பில் விண்ணப்பித்தாள். என்னை இங்கே உளவியல் வாரியத்துக்குப் போகச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? (வாசகி, ப்ளேனோ, டெக்சாஸ்)

இருவர் சொல்வதும் சரி. கலிஃபோர்னியாவில் ஆசிரியர்களுக்குச் சான்றளிக்கும் ஆணையமே பள்ளி உளவியலாளர்களுக்கும் ‘பிபிஎஸ்’ சான்று தருகிறது. டெக்சாஸ் இதில் விதிவிலக்கு. அங்கே உளவியலாளர்களுக்கான வாரியம்தான் எல்எஸ்எஸ்பி என்ற உரிமத்தை வழங்குகிறது. பிராக்சிஸ் என்ற தேசியத் தேர்வோடு, மாநிலச் சட்டங்களைப் பற்றிய தனித் தேர்வு ஒன்றும் எழுத வேண்டும். தோழியின் அனுபவத்தை வைத்து விண்ணப்பம் நிரப்பாதீர்கள்.

ஒரு பல்கலைக்கழகம் 36 கிரெடிட்டில் ஆன்லைனில் எஜுகேஷனல் சைக்காலஜி முதுகலை தருகிறது. கட்டணமும் குறைவு. இது போதும் என்கிறார் சேர்க்கை ஆலோசகர். சேரலாமா? (வாசகி, நேப்பர்வில், இல்லினாய்)

சேராதீர்கள். எஜுகேஷனல் சைக்காலஜி கற்றலைப் பற்றிய ஆய்வுப் படிப்பு. ஸ்கூல் சைக்காலஜி உரிமத்துக்கு வழிவிடும் தொழிற்படிப்பு. முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதின் உரிமத்துக்கு விண்ணப்பித்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கியவர்களை நான் அறிவேன். சேர்க்கை ஆலோசகரின் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். தொழில் உரிமத்துக்கு வழிவிடுவதாகச் சொல்லும் படிப்பு எந்தெந்த மாநில விதிகளை நிறைவேற்றுகிறது என்பதைப் பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும் என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது. உங்கள் மாநிலத்தின் பெயரைக் குறிப்பிட்டு, பதிலை எழுத்தில் கேளுங்கள். முதலில் மாநில விதி, பிறகு படிப்பு, கடைசியாகத்தான் கட்டணம்.

எச்-4 விசாவில் இருக்கிறேன். படிப்பு சரி, இன்டர்ன்ஷிப் செய்ய முடியுமா? (வாசகி, இர்விங், டெக்சாஸ்)

படிப்பில் சேரும் முன்பே கேட்டீர்கள், மகிழ்ச்சி. இறுதியாண்டு இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் முழுநேர வேலை, பல இடங்களில் சம்பளமும் உண்டு. இஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல், சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் சம்பள வேலை கூடாது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறி, படிப்பின் பகுதியான பயிற்சி வேலைக்குத் தரும் சிபிடி அனுமதியோடு செய்வது பலர் போகும் வழி. “சம்பளம் வாங்கவில்லை, அதனால் பிரச்சினை இல்லை” என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். குடிவரவு வழக்கறிஞரிடமும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் கேட்ட பிறகு விண்ணப்பியுங்கள்.

கோவையில் எம்.ஏ. உளவியல் படித்தவன் நான். வார இறுதியில் இங்குள்ள தமிழ்ப் பள்ளிக்கு வரும் பெற்றோர் கேட்டால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. சோதனை செய்து ரிப்போர்ட் தருகிறேன். பணம் வாங்குவதில்லை. போன மாதம் ஒரு பள்ளி டிஸ்ட்ரிக்ட் (வட்டாரப் பள்ளி நிர்வாகம்) என் ரிப்போர்ட்டை ஏற்க மறுத்துவிட்டது. நம் மக்களுக்கு உதவுவதில் என்ன தவறு? (வாசகர், அட்லாண்டா பகுதி)

இந்த வாரமே நிறுத்துங்கள்.

பணம் வாங்காதது உங்களைக் காப்பாற்றாது. உளவியல் சோதனை நடத்தி, முடிவெழுதிக் கையெழுத்திடுவது உரிமம் தேவைப்படும் தொழில். ‘சைக்காலஜிஸ்ட்’ என்ற பட்டப்பெயரும் சட்டப் பாதுகாப்பு உள்ளது. அந்தச் சோதனைப் பெட்டி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை. அவற்றை வெளியிடும் நிறுவனங்கள் வாங்குபவரின் தகுதியைப் பார்த்த பிறகே விற்கின்றன.

ஆனால் எனக்குக் கோபம் வருவது சட்டத்தை நினைத்து அல்ல, அந்தப் பிள்ளையை நினைத்து. ஏழு வயதுக் குழந்தை உங்கள் மேசையில் சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்குகிறது. படத்தில் உள்ள வடிவத்தை ஸ்டாப்வாட்ச் ஓட ஓடச் செய்து முடிக்க வேண்டும். வசந்தத்தில் உங்களிடம் ஒருமுறை செய்துவிட்டது. இலையுதிர் காலத்தில் பள்ளியில் அதே கட்டைகள், அதே வடிவங்கள். இப்போது கை தானாகப் போகிறது, மதிப்பெண் ஏறுகிறது. அது குழந்தையின் திறன் அல்ல, பழக்கம். பள்ளி உளவியலாளருக்கு நீங்கள் முன்பே சோதித்தது தெரியாது. பெற்றோரும் சொல்வதில்லை. உதவி தேவைப்படும் பிள்ளைக்கு “தகுதி இல்லை” என்று ரிப்போர்ட் போகிறது. ஒரே சோதனையை ஒரு வருடத்துக்குள் திரும்ப நடத்துவதை நாங்கள் தவிர்ப்பது இதனால்தான். உங்கள் ரிப்போர்ட் குப்பைக்குப் போனாலும் அது செய்த கெடுதல் பிள்ளையோடு தங்கிவிடுகிறது.

டிஸ்ட்ரிக்ட் மறுத்ததும் முறைதான். பெற்றோர் வெளியே எடுத்துவரும் மதிப்பீட்டை டிஸ்ட்ரிக்ட் கருத்தில் கொள்ள வேண்டும் என்று மாற்றுத்திறன் மாணவர் கல்விச் சட்டமான ஐடியா சொல்கிறது. ஆனால் அந்த மதிப்பீடு டிஸ்ட்ரிக்ட்டின் தகுதி விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் கையெழுத்து அந்த வாசலைக்கூடத் தாண்டாது.

பெற்றோர் ஏன் பள்ளியை விட்டு உங்களிடம் வருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். “ஸ்பெஷல் எஜுகேஷன் என்று பெயர் வந்துவிடும், நாலு பேருக்குத் தெரிந்துவிடும்” என்ற பயம். மாணவர் பதிவுகளின் ரகசியத்தைக் காக்க 1974 முதல் ஃபெர்பா சட்டம் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லலாம். பிள்ளையை மதிப்பிடக் கோரி தேதியிட்ட கடிதம் ஒன்றைப் பள்ளிக்கு எழுத உதவலாம். அந்த மதிப்பீடு இலவசம். பெற்றோர் சம்மதக் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாள் என்பது மத்தியக் கெடு, மாநிலங்கள் வேறு கெடுவும் வைக்கலாம். டெக்சாஸில் 45 பள்ளி நாள். பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்தை முடிவுசெய்யும் ஐஇபி கூட்டத்துக்குப் பிள்ளையை அறிந்தவர் ஒருவரைப் பெற்றோர் அழைத்துப் போகலாம். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். இதற்கெல்லாம் உரிமம் வேண்டாம். சோதனை நடத்த ஆசை இருந்தால் ஜார்ஜியாவின் விதியைப் படித்து, படிப்பில் சேருங்கள்.

பகலில் பள்ளி வேலை, மாலையில் சொந்த கிளினிக். முடியுமா? (வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

பள்ளிச் சான்று பள்ளிக்குள் மட்டும். கலிஃபோர்னியாவில் எல்ஈபி என்ற தனி உரிமம் இருக்கிறது. பள்ளி உளவியலாளராகச் சுமார் மூன்றாண்டு அனுபவத்துக்குப் பிறகு தேர்வெழுதி வாங்கலாம், தனியாகத் தொழில் நடத்தலாம். பெரும்பாலான மாநிலங்களில் இந்த வசதி இல்லை. அங்கே முனைவர் பட்டமும், உளவியலாளர் உரிமத்துக்கான ஈபிபிபி தேர்வும் வேண்டும். முனைவர் பட்டம் இல்லாதவர்கள் ‘பள்ளி உளவியலாளர்’ என்று அழைத்துக்கொள்வதே ஒரு சட்ட விலக்கின் கீழ்தான். 2010-இல் அமெரிக்க உளவியல் சங்கம் மாநிலங்களுக்கான தன் மாதிரிச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த விலக்கை எடுத்துவிடும் பேச்சு பலமாக எழுந்தது. பள்ளி உளவியலாளர்கள் திரண்டு எதிர்த்ததால் தங்கியது.

என்சிஎஸ்பி இருக்கிறது. வேறு மாநிலத்துக்கு மாறினால் அதுவே போதுமா? சைபேக்ட் ஒப்பந்தம் உதவுமா? (வாசகி, ஷிகாகோ புறநகர்)

என்சிஎஸ்பி உரிமம் அல்ல. முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் அதை ஏற்று வழியைச் சுருக்குகின்றன. கைரேகையும் விண்ணப்பமும் புதிதாக வேண்டும். மாநிலங்களுக்கிடையிலான சைபேக்ட் ஒப்பந்தம் முனைவர் நிலை உளவியலாளர்களுக்கானது, உங்களுக்கு அல்ல. பள்ளி உளவியலாளர்களுக்கென்றே தனி மாநில ஒப்பந்தம் ஒன்று உருவாகியிருக்கிறது. நீங்கள் விடும் மாநிலம், போகும் மாநிலம் இரண்டும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். என்சிஎஸ்பியைப் புதுப்பிக்க மூன்றாண்டுக்கு 75 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள். சான்று காலாவதியானால் வேலை இரட்டிப்பு.

என் மகனைச் சோதித்த பள்ளி உளவியலாளர் டாக்டர் பட்டம் பெற்றவர் இல்லை. வேறு ஆள் கேட்கலாமா? (தாய், கேரி, வட கரோலினா)

அந்தக் காரணத்துக்காகக் கேட்காதீர்கள். ஸ்பெஷலிஸ்ட் நிலைதான் இந்த வேலைக்கு வழக்கமான தகுதி. மாநிலத் தளத்தில் அவரது சான்று நடப்பில் உள்ளதா என்று நீங்களே பார்க்கலாம். மதிப்பீட்டின் முடிவில் உடன்பாடு இல்லையென்றால், டிஸ்ட்ரிக்ட் செலவில் வெளியாளின் சுயேச்சை மதிப்பீடு கோர உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் கேளுங்கள்.

தமிழ் சரளமாகப் பேசுவேன். இந்த வேலையில் அதற்கு மதிப்பு உண்டா? (மாணவி, நியூயார்க்)

நிறைய உண்டு. பிள்ளையின் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும் என்று ஐடியா சட்டமே கேட்கிறது. இரண்டு மொழியில் பணியாற்றுவோருக்கு நியூயார்க் தன் சான்றிதழில் இருமொழி நீட்டிப்பு தருகிறது. அதற்கான நிபந்தனைகளை மாநிலத் தளத்தில் படியுங்கள். உரிமம் பெற்ற பிறகு நீங்கள் பார்க்கப்போகும் ஒரு சிக்கலை இப்போதே சொல்கிறேன். பள்ளியில் சேர்க்கும்போது தரும் வீட்டுமொழிப் படிவத்தில் நம் பெற்றோர் பலர் “ஆங்கிலம்” என்று எழுதிவிடுகிறார்கள். பிள்ளை ஆங்கில வகுப்பில் தனியாக ஒதுக்கப்படுமோ என்ற அச்சம். பாட்டியோடு நாள் முழுதும் தமிழ் பேசிய நான்கு வயதுப் பிள்ளை, ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு வாய்மூடி உட்கார்ந்திருக்கும். சோதிப்பவருக்குக் காரணம் தெரியாது. பெற்றோரே, அந்தப் படிவத்தில் தமிழ் என்று எழுதுங்கள்.