அவளுக்கு 18 ஆக ஏழு மாதம் இருக்கிறது: இப்போதே தாலி கட்டினால் என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு 19 வயது. பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நாங்கள் பட்டியல் சாதி. நான் காதலிக்கும் பெண் பிளஸ் டூ படிக்கிறாள், 17 வயது 5 மாதம். அவளுடைய அப்பா அரிசி ஆலை வைத்திருக்கிறார், வேறு சாதி. விஷயம் தெரிந்ததும் பரீட்சை முடிந்த கையோடு அவளைச் சொந்தத்தில் ஒருவருக்குக் கட்டி வைக்க ஏற்பாடு நடக்கிறது. போன வாரம் அவளுடைய மாமாக்கள் எங்கள் தெருவில் நின்று சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, கொன்றுவிடுவோம் என்று மிரட்டிப் போனார்கள். “எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடு” என்று அவள் அழுகிறாள். கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டால் பாதுகாப்பு கிடைக்குமா?

பதில்: தம்பி, கிடைக்காது. பெண்ணின் அப்பா ஒரு புகார் கொடுத்தால் போதும், அன்று மாலையே நீங்கள் குற்றவாளிக் கூண்டுக்கு அருகில் நிற்பீர்கள். 18 முடியாத பெண்ணை மணக்கும் 18 வயது கடந்த ஆணுக்கு, குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இன்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பெற்றோர் பொறுப்பிலிருந்து அழைத்துப் போனதாக பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 137-ஆம் பிரிவில் கடத்தல் வழக்கு வரும். ஏழு ஆண்டு வரை தண்டனை. இவற்றையெல்லாம் விடப் பெரியது போக்சோ, அதாவது 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். அந்தச் சட்டத்தில் பெண்ணின் சம்மதத்துக்கு மதிப்பே இல்லை. உடலுறவு இருந்தால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. பாலியல் நோக்கத்தோடு தொட்டதாக நிரூபணமானாலே மூன்று முதல் ஐந்து ஆண்டு. அந்தரங்கப் படம் எதையும் அவரிடம் கேட்காதீர்கள், போனில் வைத்திருக்காதீர்கள். அது தனி வழக்கு.

“அவளாகவே கிளம்பி வந்தாள் என்று சொன்னால்?” என்று அடுத்துக் கேட்பீர்கள். உச்ச நீதிமன்றம் 1964-இல், வரதராஜன் எதிர் சென்னை மாநிலம் வழக்கில், மேஜர் ஆகும் வயதை நெருங்கிய பெண் தானாகவே கிளம்பி வந்தால் அது கடத்தல் ஆகாது என்றது உண்மை. இன்றும் அது நல்ல தீர்ப்புதான். ஆனால் அன்று போக்சோ கிடையாது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் விஜயலட்சுமி வழக்கில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் மீதான போக்சோ வழக்கை ரத்து செய்ததைச் சிலர் உங்களுக்குக் காட்டுவார்கள். அங்கே ரத்து கேட்டு வந்தவர்களே அந்தப் பெண்ணும் அவருடைய தாயும். அரிசி ஆலைக்காரர் அப்படி வருவார் என்று நம்பி நீங்கள் சிறைக்குப் போக வேண்டாம். இருவரும் விரும்பிய காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று தமிழகக் காவல்துறைத் தலைமை 2022-இல் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. எனினும் வழக்கு வழக்குதான். அதை நடத்தும் செலவும் அலைச்சலும் எப்போதும் ஏழை வீட்டுப் பையன் தலையில்தான் விழுகிறது.

அந்தப் பெண்ணுக்கு ஏற்பாடாகியிருக்கும் கல்யாணமும் சட்டவிரோதம் என்பதை இருவருமே கவனிக்கவில்லை போலிருக்கிறது. அவர் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யலாம். பள்ளி ஆசிரியை யாரிடமாவது சொல்லலாம். மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். நீதித்துறை நடுவரிடம் தடை உத்தரவு வாங்க முடியும். அதை மீறி நடந்த கல்யாணம் செல்லாது. வீட்டில் இருப்பது ஆபத்து என்றால் அவரைக் காப்பகத்தில் சேர்ப்பது குழந்தைகள் நலக் குழுவின் வேலை. அந்தப் போன் அவர் கையிலிருந்து போகட்டும், நீங்கள் முன்னால் நிற்காதீர்கள்.

உங்கள் வேலை வேறு. தெருவில், அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி சாதியைச் சொல்லித் திட்டியது வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். பொது இடம் என்பது இதில் முக்கியம். கேட்ட இரண்டு பேர் பெயரைப் புகாரில் எழுதுங்கள். இந்த வழக்கை டிஎஸ்பி நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், எதிராளிக்கு முன்ஜாமீன் கிடைப்பது மிக அரிது. ஸ்டேஷனில் இழுத்தடித்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மிரட்டலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து கல்யாணம் செய்த சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டது எல்லோருக்கும் தெரியும். சாதி கடந்த ஜோடிகளுக்குப் பாதுகாப்புத் தர மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

அவருக்கு 18 முடிந்த பிறகு எங்கே, யாரோடு இருப்பது என்பதை அவரே தீர்மானிக்கலாம். பெண்ணை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி அப்பா ஆட்கொணர்வு மனு போட்டாலும் நீதிபதி கேட்பது அவரைத்தான். ஆனால் உங்களுக்கு 21 ஆகும்வரை கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியாது. அதுவரை டிப்ளமோவை முடித்து ஒரு வேலையில் சேருங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள்.

ஏழு மாதம் என்று எதை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்றும் பாருங்கள். வயதுத் தகராறில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும். அதில் இருக்கும் தேதியும் வீட்டில் கொண்டாடும் பிறந்த நாளும் வேறாக இருந்தால், பிந்திய தேதியையே கணக்கில் வையுங்கள்.