பாங்காக் நூடுல்ஸும் வேளச்சேரி மாத்திரையும்

கேள்வி: எனக்கு 27 வயது. வேளச்சேரியில் இருக்கிறேன். அடுத்த மாதம் நண்பனோடு பையை மாட்டிக்கொண்டு தாய்லாந்து, வியட்நாம் என்று 3 வாரம் சுற்றப் போகிறேன். தெருக்கடைகளில் காரமான நூடுல்ஸ் சாப்பிடுவதுதான் பாதித் திட்டமே. ஆனால் எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு. ஒரு வருடமாகத் தினமும் காலையில் பான்டோபிரசோல் போடுகிறேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். அங்கே இருக்கும்வரை அதை இரண்டு வேளையாகப் போடச் சொன்னார். விமானம் ஏறும் நாளிலிருந்து ஆஃப்லாக்ஸசின்-ஆர்னிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் போடச் சொல்லி 3 அட்டை கொடுத்தார். போடலாமா? காரம் வயிற்றைக் கெடுத்துவிடுமா?

பதில்: நூடுல்ஸைச் சாப்பிடுங்கள். அந்த 3 அட்டையைத் தொடாதீர்கள்.

மிளகாயில் இருக்கும் கேப்சைசின் கிருமி அல்ல. சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டிவிடுகிறது, அதனால் எரிகிறது. அதே முனைகள் குடலின் கடைசிவரை இருப்பதால் மறுநாள் காலையிலும் ஒருமுறை எரியும், சற்று இளகியும் போகும். அதோடு சரி. ஆனால் ஒரே நாளில் 3 முறைக்கு மேல் தண்ணீராகப் போனாலோ, வயிற்றைப் பிடித்து முறுக்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அது மிளகாயின் வேலை இல்லை. ஈ.கோலை, காம்பைலோபாக்டர் மாதிரி கிருமிகளின் வேலை. பழியை மட்டும் எல்லாரும் மிளகாய் மேல் போடுகிறார்கள்.

இப்போது உங்கள் கேஸ் மாத்திரைக்கு வருவோம். வயிற்று அமிலம் சும்மா எரிச்சல் கொடுக்க அங்கே இல்லை. சாப்பாட்டோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதியை வாசலிலேயே மடக்கும் வாட்ச்மேன் அது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகள் அந்த அமிலத்தைக் குறைத்துவிடும். சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் தொற்று வரும் வாய்ப்பு அதனால் கூடும். ஊரில் ஒரு வேளை போட்டதை, தெருவில் சாப்பிடப் போகும் ஊரில் இரண்டு வேளையாக ஏற்றச் சொல்வது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். ஒரு வருடம் போட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து சில வாரம் படுத்தும். உங்கள் டாக்டரிடம் கேட்டு, இப்போதே ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். இடையில் எரிந்தால் ஆன்டாசிட் சிரப் போதும். இதில் ஒரு விலக்கு இருக்கிறது, அழுத்திச் சொல்கிறேன். அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், மூட்டுவலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுகிறவர்கள், உணவுக்குழாய் புண்ணுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்தவர்கள், இவர்களில் ஒருவர்கூட இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது. உங்கள் அப்பா போடுகிறார் என்றால் அவரிடமும் போய் 'டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார்' என்று சொல்லிவிடாதீர்கள். அவர் விஷயம் வேறு, உங்கள் விஷயம் வேறு.

ஆன்டிபயாடிக்கை வருமுன் காப்பாக விழுங்குவது வீண் வேலை. தாய்லாந்தில் காம்பைலோபாக்டர் கிருமி ஆஃப்லாக்ஸசின் வகை மருந்துக்குப் பெரும்பாலும் மசிவதே இல்லை. குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, மருந்துக்கு அடங்காதவை குடியேறுவதுதான் மிச்சம். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கோடு. யார் கேட்கிறார்கள்? பில் கேட்டால் 'பிரின்டர் ரிப்பேர் சார்'. பில் போட்டாலும் ஏதாவது ஒரு டாக்டர் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். நான் கண்ணால் பார்த்திராத ஒருவரின் பில்லில் என் பெயரே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு வரும் அதிகாரிக்கு அந்த வரி இருந்தால் போதும் போல.

கடையில் எதைப் பார்ப்பது? கொதிக்கும் குழம்பில் கம்பிக் கூடையை முக்கி நூடுல்ஸை எடுத்து உங்கள் முன்னால் கிண்ணத்தில் தட்டுகிறார் அல்லவா, அதில் பயமில்லை. அதன் மேல் பச்சையாகத் தூவும் முளைப்பயறும் இலைகளும்தான் ஆபத்து. முளைப்பயறையும் கூடையிலேயே போட்டு முக்கச் சொல்லி விரலால் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள். மேசையில் இருக்கும் காய்ந்த மிளகாய்ப்பொடியைத் தாராளமாகப் போடுங்கள். கூட்டம் இருக்கும் கடையாகப் பாருங்கள், சரக்கு தேங்காது. ஐஸ் போட்டால் நடுவில் ஓட்டை உள்ள உருளை ஐஸ் பரவாயில்லை, அது ஐஸ் ஃபேக்டரியில் செய்வது. பாங்காக்கின் படகு நூடுல்ஸில் குழம்பு கெட்டிப்பட ரத்தம் சேர்ப்பார்கள். அது கெடுதல் இல்லை, தெரிந்து சாப்பிடுங்கள்.

பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். தூள், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள். அதிலும் ஏமாறாதீர்கள். பழரசம் மாதிரி டப்பாவில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்டு விற்ற சர்க்கரைத் தண்ணீருக்கு அந்தப் பெயரே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது. அத்தனை வருடம் தூங்கிவிட்டு! உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்ட பாக்கெட்டாக இங்கேயே நாலைந்து வாங்கிப் பையில் போடுங்கள். பின்பக்கம் 1 லிட்டரா, 200 மில்லியா என்று பாருங்கள். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் பேதி கூடும். பேதியை நிறுத்தும் லோபெரமைடு நீண்ட பஸ் பயணத்துக்கு ஆகும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடவே கூடாது, நேராக ஆஸ்பத்திரி.

மாத்திரைக்குக் கொடுத்த காசை டைஃபாய்டு தடுப்பூசிக்குக் கொடுத்திருக்கலாம். கிளம்ப 2 வாரமாவது இருக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், டிராவல் ஏஜெண்ட் யாராவது 'மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், சர்டிஃபிகேட் நானே வாங்கித் தருகிறேன்' என்றால் போனை வைத்துவிடுங்கள். சென்னையிலிருந்து நேராக பாங்காக் போகிறவருக்கு அது தேவையில்லை. அந்த நோய் இருக்கும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத்தான் வேண்டும். அவர்களும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு நேரில் போய்த்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.